மேட்டில் ஏறினால் கிடைக்கும்

இடையஞ்சாவடியில் டவர் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். எந்த சிம் நல்லது என்ற பேச்சு பிறகுதான் வரும். முதலில் இடத்தைச் சொல்வார்கள். ஓடைப் பள்ளத்தில் கிடைக்காது; முந்திரித் தோப்பைத் தாண்டி மேட்டில் ஏறினால் கிடைக்கும்; வீட்டுக்குள் கிடைக்காது, மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றால் பேசலாம். கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்தவர்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எங்கள் ஊர்க்காரர்கள் நிலத்தின் சாய்வை வைத்தே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த அறிவு சரியானது. எங்கள் ஊர் செம்மண் மேட்டில் இருக்கிறது. மழைநீர் அரித்த ஓடைகள் அந்த மேட்டைக் கீறிக்கொண்டு ஒரு பக்கம் கடலுக்கும் ஒரு பக்கம் கழுவேலி ஏரிக்கும் இறங்குகின்றன. 1968இல் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு பெரும்பாலும் பொட்டல். பிறகு நட்ட மரங்கள் பல லட்சம். இலைக்குள் இருப்பது பெரும்பாலும் நீர்தான். 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அந்த நீர் உறிஞ்சும், சிதறடிக்கும். நனைந்த தோப்பு இன்னும் அதிகமாகத் தடுக்கும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கொஞ்சம் தாராளமாக நுழைந்து வரும். ஐப்பசி மழை விட்ட காலையில் அழைப்பு அறுந்து அறுந்து வந்தால், அந்தக் குரலுக்கும் எனக்கும் நடுவே ஒரு காடு நனைந்து நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கோபம் வருவதில்லை. அந்தக் காடு இல்லாத காலத்தை ஊர்ப் பெரியவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

*

மரக்காணம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போனைப் பைக்குள் வைத்துவிடுவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரும்போது தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும். கனகசெட்டிகுளம் தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. கடைப் பலகைகள் மாறும், போலீஸ்காரர் தொப்பி மாறும். போனில் மட்டும் எதுவும் மாறாது. தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப்போல எங்கள் பக்கத்துத் தரைவழித் தொலைபேசிகளும், விழுப்புரம் மாவட்டத்தில் இருந்துகொண்டே, புதுச்சேரியின் 0413இல்தான் ஒலிக்கும். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டு துண்டாகப் பிரித்துப்போட்ட கரையை இந்த எண்கள் சத்தமில்லாமல் சேர்த்து வைத்திருக்கின்றன.

மரக்காணத்து உப்பளம் வந்ததும் கண் திறந்துகொள்ளும். மரமில்லை, மேடில்லை, மறைப்பில்லை. அலைக்கு இதைவிட நல்ல தரை வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களின் போன் பெரும்பாலும் பாலித்தீன் உறைக்குள், சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் தொங்கும். உப்புக் காற்று சார்ஜ் போடும் துளையை அரித்துவிடும். இன்னொரு காரணம் எனக்கு மெல்லத்தான் விளங்கியது. தொடுதிரை, விரல் படும்போது தன் மின்புலத்தில் வரும் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரக் கையால் தொட்டால் எது விரல், எது நீர் என்று திரைக்குப் புரியாமல் போகும். பாத்தியில் இறங்கி நிற்கிறவர் போன் அடித்தால் கரையேற வேண்டும், துண்டில் கையைத் துடைக்க வேண்டும், பிறகுதான் எடுக்க முடியும். அதற்குள் அடித்து ஓய்ந்திருக்கும். பொத்தான் போனை இங்கே பலர் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை. அந்தப் பொத்தானுக்கு ஈரக்கை ஒரு பொருட்டில்லை.

திரையை உருவாக்கியவர்கள் உலர்ந்த கையை மனதில் வைத்திருந்தார்கள். உலகத்துக்கு உப்பு எடுத்துத் தரும் கை அவர்கள் நினைவில் வரவில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

*

நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு கட்டாயமாகப் போனுக்குள் போனது 2022 மே மாதம். முதலில் இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில்; 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லா இடங்களிலும். பணித்தளப் பொறுப்பாளர் செயலியைத் திறந்து, நாளுக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதியும்படி தொழிலாளர்களைப் படமெடுக்க வேண்டும் என்றானது. டவர் இல்லாவிட்டால் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பலாம் என்று அரசு விளக்கம் சொன்னது.

அந்தப் 'பிறகு' என்ற சொல்லுக்குள் ஒரு மனிதரின் நடை இருக்கிறது. பொறுப்பாளராக இருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். ஏரிக்கரையில் நாற்பது பேரின் கூலி அவர் கையிலிருக்கும் கண்ணாடிப் பலகைக்குள் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார். கையை உயர்த்திப் பிடிப்பார். சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம் நிற்கும்வரை வெயிலில் நிற்பார். மண் வெட்டியதற்குக் கூலி உண்டு. இந்த நிற்பதற்குக் கூலி இல்லை. செய்தி மலை, கடல் எல்லாம் தாண்டிப் போகலாம். கடைசிக் கொஞ்ச தூரத்தை யாராவது நடந்துதான் கடக்கிறார்கள். அதைக் கவனிக்கத் தொடங்கியபின் எங்கு பார்த்தாலும் அந்த நடை தெரிகிறது.

*

ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் போகிறவர்கள் போனை வெளியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த மௌனத்தைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு சீராகும், தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் தெரு. அங்கே ஒரு தாய், சவுதியில் இருக்கும் மகன் அழைக்கும் நேரம் என்று வாசலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு கோடும் இல்லை. அதுவும் மௌனம்தான். தானாகத் தேர்ந்துகொண்ட மௌனத்தையும் மேலே வந்து விழுந்த மௌனத்தையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. போனை அணைத்து வையுங்கள், மனம் அமைதியாகும் என்று சொல்கிற நல்லவர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாயின் முகம் நடுவில் வருகிறது.

*

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியது இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அதே கல்கத்தாவில்தான் ஜகதீஷ் சந்திரபோஸ், கம்பியில்லாமல் சுவரைத் தாண்டி அலை அனுப்பி ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். செல்பேசி வந்த தொடக்கத்தில், வருகிற அழைப்புக்கும் காசு. 2003இல்தான் அது இலவசமாயிற்று. அதன்பிறகு மிஸ்டு கால் ஒரு மொழியாகவே வளர்ந்தது. ஒரு அடி என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு அடி என்றால் வந்து சேர்ந்துவிட்டேன்.

கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அந்த வழியே பேருந்து போகும்போது, எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று எழுதிய மஞ்சள் பெட்டிகளின் முன்னால் மீட்டரைப் பார்த்தபடி பேசிய காலத்தை நினைத்துக்கொள்வேன். கடலுக்கு அப்பால் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைக்கூட நிமிடக் கணக்கில் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்று வீடியோவில் முகம் பார்க்கலாம். முகம் தெரிவது எத்தனை பெரிய வரம் என்று அந்தக் காலத்தைக் கடந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

இந்தக் கரையில் தொலைபேசி என்றால் எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் நினைவுக்கு வருவது நல்லவாடு. புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர்க்காரர் ஒருவரின் மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்ராவில் நிலநடுக்கம், கடல் பொங்குகிறது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து ஊருக்கு போன் செய்தார். வீட்டில் எடுத்தவர்கள், கடல்நீர் உள்ளே வருகிறது என்றார்கள். எல்லோரும் ஓடுங்கள் என்றார்.

ஒரு போன், ஒரு வீடு. ஊரில் இருந்ததோ ஆயிரக்கணக்கானோர். அந்த ஒரு காதிலிருந்து ஊர் முழுவதற்கும் செய்தி எப்படிப் போயிற்று என்பதுதான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். நல்லவாட்டு மையத்திலும் ஒலிபெருக்கி இருந்தது. அன்று அது பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய் எச்சரிக்கை கொடுத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மக்கள் பிழைத்தார்கள்.

சிங்கப்பூர் வரையிலான தூரத்தை அந்த அழைப்பு ஒரு நொடியில் கடந்துவிட்டது. மிச்சமிருந்த கொஞ்ச தூரத்தை, கதவை உடைத்தவர்கள் கடந்தார்கள். அந்த ஒலிபெருக்கியைக் கேட்டுப் பழகிய காதுகள் என்பதால்தான் அந்தக் குரலை நம்பி ஓடினார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் உருவாக்கியவர்களை நான் வணங்குகிறேன்.

*

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு முழுக்கப் போன்கள் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. இந்த முறையில் யாருடைய எண்ணும் தேவையில்லை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும், இந்த வசதியுள்ள போன்கள் எல்லாவற்றுக்கும் செய்தி ஒன்றாகப் போய்விடும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயன்று இணைப்பு திணறும்போதும் இது போகும். நல்ல ஏற்பாடு.

ஆனால் கோபுரம் நிற்பதும் மின்சாரத்தில்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கம்பங்களும் மரங்களும் சாய்ந்தன. 2020 நவம்பரில் நிவர் மரக்காணத்தின் அருகே கரை ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே. கம்பம் சாய்ந்தால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல். டீசல் கொண்டுவரும் சாலையில் மரம் கிடந்தால் அதுவும் முடிந்தது. மிகவும் வேண்டிய இரவில்தான் போன் வெறும் டார்ச் விளக்காகிவிடுகிறது.

டவர் இருக்கும் நாளிலும் செய்தி எல்லோரையும் சேர்ந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டு ஆயா மாதந்தோறும் போனை எடுத்துக்கொண்டு வருவார். "பணம் வந்துடுச்சான்னு பாத்துச் சொல்லும்மா." மகளிர் உரிமைத்தொகை ஏறிய குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வேன். சில நேரம் ரீசார்ஜ் முடியப்போகிறது என்ற செய்திதான் இருக்கும். அதையும் சொல்வேன். டவர் முழுதாக இருக்கிறது, போனும் கையில் இருக்கிறது. எழுத்து மட்டும் அவரைச் சேரவில்லை. எந்த வரைபடத்திலும் அவர் வீடு சிக்னல் உள்ள வீடாகத்தான் காட்டப்படும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். யார் வீட்டில் போன் இல்லை, யாருக்குக் காது மந்தம், யாருக்குப் படிக்கத் தெரியாது, யார் வீடு பள்ளத்தில் இருக்கிறது, மழை வலுத்தால் எந்த வீட்டுக் கதவை யார் போய்த் தட்ட வேண்டும். பெயருக்கு நேரே பெயர். ஆயாவின் வீடும் ஓடையோரம் இருக்கும் கடைசி வீடும் என் பொறுப்பு. இருட்டில் அந்த வழி எனக்குப் பழக வேண்டும் என்பதற்காக இப்போதெல்லாம் மாலையில் ஓடை வரை நடந்துவிட்டு வருகிறேன். ஆனி முடிவதற்குள் அந்த ஒற்றையடிப் பாதையில் கருவேல முள்ளை வெட்டிவிட வேண்டும். ஊராட்சியில் சொல்லியிருக்கிறோம். வராவிட்டால் நாங்களே வெட்டிவிடுவோம்.