மூன்று சென்டிமீட்டர்

உங்களை ஒரு தேசிய அமெச்சூர் நீச்சல், டைவிங் போட்டிக்கு அமைப்பாளராகப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை, நாலு நாளைக்குச் சாப்பாட்டு டோக்கன். பதிலுக்கு, ரயிலில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்குத் தங்க இடம் பார்க்க வேண்டும். கூடவே வரும் அம்மா அப்பாக்களுக்குப் பந்தல் போட வேண்டும். குளத்துத் தண்ணீரில் அளவாக குளோரின், ஆம்புலன்ஸ், மைக் செட், ஜெனரேட்டர், முக்கியஸ்தர்களுக்குப் பொன்னாடை. இதெல்லாம் ஓடி ஆடினால் முடிந்துவிடும். வீட்டில் ஒரு கல்யாணம் நடத்தியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

முடியாத வேலை ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் நீந்தி வந்து சுவரைத் தொடுவார்கள். யார் முதலில் தொட்டது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

‘இதில் என்ன சார் கஷ்டம், கண்ணால் பார்த்தால் தெரியாதா?’ என்கிறீர்களா? ரோம் நகரில் 1960-ல் நடந்ததைக் கேளுங்கள்.

ஒலிம்பிக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஃபைனல். ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். அந்தக் காலத்து ஏற்பாடு என்னவென்றால், முதலிடம் யாருக்கு என்று பார்க்க மூன்று நடுவர்கள்; இரண்டாமிடம் யாருக்கு என்று பார்க்க வேறு மூன்று நடுவர்கள். முதலிட நடுவர்களில் இருவர் டெவிட் என்றார்கள், ஒருவர் லார்சன் என்றார். சரி, டெவிட் ஜெயித்துவிட்டார் என்று எழுதப்போனால், இரண்டாமிட நடுவர்களில் இருவர், ‘இரண்டாவது வந்தது டெவிட்’ என்கிறார்கள். கூட்டிப் பாருங்கள். ஆறு பேரில் மூன்று பேருக்கு டெவிட் முதல், மூன்று பேருக்கு லார்சன் முதல். ஆறு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

கடிகாரத்தைக் கேட்கலாமே? கேட்டார்கள். டெவிட்டின் லேனில் நின்ற மூன்று பேரின் ஸ்டாப் வாட்ச்சும் 55.2 வினாடி காட்டின. லார்சனின் லேனில் 55.0, 55.1, 55.1. அதிகாரபூர்வமில்லாமல் ஓரமாக வைத்திருந்த மின்னணுக் கருவியும் லார்சன்தான் முன்னால் என்றது. ஆனாலும் தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் என்று சொல்லிவிட்டார். கடிகாரம் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லையே, என்ன செய்வது? லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். அமெரிக்கர்கள் முறையிட்டார்கள். தீர்ப்பு மாறவில்லை.

தங்கம் தவறான கைக்குப் போனதா இல்லையா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆறு பேர் ஆளுக்கொன்று சொல்லும்போது யாராவது ஒருவர் முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும். என்னை உறுத்துவது அந்த 55.2. தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, அதற்குத் தோதாகச் சாட்சியத்தைத் திருத்தினார்கள் பாருங்கள், அதுதான். இதை நாம் வீட்டிலும் ஆபீஸிலும் செய்யாமலா இருக்கிறோம்? யாருக்குப் பதவி உயர்வு என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து மார்க் போட்ட ஃபைல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மனிதக் கண்ணை நம்பி இனிப் பயனில்லை என்று மெஷினைக் கொண்டுவந்தார்கள். சுவரில் பதித்த டச் பேட். கை அழுத்தியதும் கடிகாரம் தானாக நின்றுவிடும். இனி சண்டையே வராது என்று நினைத்தார்கள். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக். 400 மீட்டர் தனிநபர் மெட்லி. ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4 நிமிடம் 31.981 வினாடி. அமெரிக்காவின் டிம் மெக்கீ 4 நிமிடம் 31.983 வினாடி. வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பங்கு. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தை ஐம்பதாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. தங்கம் ஒருவருக்கு, வெள்ளி மற்றவருக்கு.

யாரோ பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்களும் போட்டுப் பார்க்கலாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். 400 மீட்டரை சுமார் 272 வினாடியில் நீந்தினால், வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடிக்கு எவ்வளவு தூரம்? சுமார் மூன்று மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பு கனம்.

இப்போது குளத்தைப் பாருங்கள். அதைக் கட்டியவர் ஒரு மேஸ்திரி. ஜல்லி, மணல், சிமென்ட், ஓடு. இந்தக் காலத்து விதிப்படி 50 மீட்டர் குளத்தின் ஒரு லேன் குறைவாக இருக்கக்கூடாது. ஆனால் மூன்று சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம். அதற்குமேல் துல்லியமாகக் கட்டு என்று எந்த மேஸ்திரியையும் கேட்க முடியாது என்பதால் கொடுத்த சலுகை. உங்கள் லேன் 50 மீட்டர், பக்கத்து லேன் 50 மீட்டர் 2 சென்டிமீட்டர் என்று இருக்கலாம். 400 மீட்டர் என்றால் எட்டுத் தடவை குளத்தின் நீளத்தைக் கடக்க வேண்டும். எட்டு இரண்டு பதினாறு சென்டிமீட்டர். இதில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்து ஒருவன் வேகமானவன், மற்றவன் கொஞ்சம் மட்டம் என்று சொன்னால், அளந்தது நீச்சலையா, மேஸ்திரியின் கைவேலையையா?

அதற்குப் பிறகு விதியை மாற்றினார்கள். நூறில் ஒரு பங்கு வினாடி வரைதான் பார்க்க வேண்டும். மெஷினுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு தெரிந்தாலும் அதைக் கேட்கக் கூடாது. நூறில் ஒரு பங்குவரை சமம் என்றால் இருவரும் சமம். பதக்கம் இருவருக்கும்.

எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. உலகத்தில் எல்லாத் துறையும் இன்னும் நுணுக்கமாக அளக்கிறேன் பேர்வழி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு விளையாட்டு மட்டும் ‘இதற்கு மேல் பார்க்க எங்களுக்கு யோக்கியதை இல்லை’ என்று நின்றிருக்கிறது. விளைவு? 1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் 100 மீட்டரில் கேரி ஸ்டைன்சைஃபர், நான்சி ஹோக்ஸ்ஹெட் இருவரும் 55.92, இருவருக்கும் தங்கம். 2000 சிட்னியில் ஆண்கள் 50 மீட்டரில் ஆண்டனி எர்வின், கேரி ஹால் இருவரும் 21.98. இங்கேயும் இரண்டு தங்கம். யாரும் செத்துப்போகவில்லை.

நீங்கள் விடமாட்டீர்கள், தெரியும். ‘அது சரி சார், நூறில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் மட்டும் நியாயமாகிவிடுமா? அந்த நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தானே போகமுடியும்? அதுவும் உங்கள் மேஸ்திரியின் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறதே?’ நியாயமான கேள்வி. 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58, செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59. பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு சாவிச்தான் முன்னால் வந்ததாகத் தோன்றியது. ஆனால் ஃபெல்ப்ஸின் கை முதலில் பேடை அழுத்தியது. தங்கம் அவருக்கு. இங்கேயும் மேஸ்திரி ஒளிந்திருக்கலாம் இல்லையா? இருக்கலாம்தான். கோட்டை நூறில் போட்டாலும் பத்தில் போட்டாலும், கோட்டுக்கு இந்தப் பக்கம் மயிரிழையில் ஒருவன் மாட்டிக்கொண்டுதான் இருப்பான். அதற்கு மருந்து கிடையாது. ஒரே ஒரு வித்தியாசம், கோடு எங்கே என்பது சாவிச் தண்ணீரில் குதிக்கும் முன்பே அவருக்குத் தெரியும். ரோமில் லார்சனுக்குத் தெரியாது. அவர் பெயரும் டெவிட்டின் பெயரும் தெரிந்த பிறகுதான் அங்கே கோடு போட்டார்கள்.

ஆகவே, அமைப்பாளரே, முதல் நாள் காலையில் பயிற்சியாளர்களை எல்லாம் கூப்பிட்டு விதிகளைச் சத்தமாகப் படித்துவிடுங்கள். கொட்டாவி விடுவார்கள். பரவாயில்லை.

இன்னொன்று, வயரிங். ஸ்டார்ட்டர் குளத்தின் ஓரத்தில் நின்று துப்பாக்கியைச் சுட்டால், சத்தம் முதல் லேனில் இருப்பவனுக்கு முதலில் கேட்கும். எட்டாவது லேன் பதினேழு மீட்டர் தள்ளி. சத்தம் அங்கே போய்ச்சேர நூறில் ஐந்து பங்கு வினாடி அதிகம் ஆகும். நூறில் ஒரு பங்குக்குத் தங்கம் போகிற இடத்தில் ஐந்து பங்கு! அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனி ஸ்பீக்கர். நியாயம் என்பது பல சமயம் எலெக்ட்ரீஷியன் கையில் இருக்கிறது.

சரி, உங்களிடம் டச் பேட் வாங்கக் காசில்லை. ஸ்டாப் வாட்ச்தான். லேனுக்கு மூன்று பேர், எட்டு லேனுக்கு இருபத்து நாலு பேர். மூன்றில் இரண்டு வாட்ச் ஒத்துப்போனால் அந்த நேரம். மூன்றும் மூன்று விதம் என்றால் நடுவில் இருப்பது. இந்த இருபத்து நாலு பேருக்கு எங்கே போவீர்கள்? உடற்கல்வி ஆசிரியர்கள், பழைய நீச்சல்காரர்கள், போதாததற்கு, பந்தலில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள்.

நான்காவது லேனில் மகள் நீந்துகிறாள். நான்காவது லேனில் வாட்ச் பிடிக்க நிற்பது அவளுடைய அப்பா. மூன்றாவது இடத்துக்குள் வந்தால் சர்டிஃபிகேட். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், பிறகு ரயில்வேயில் வேலைக்கும் ஒரு வாசல். காலை நாலரை மணிக்கு எழுந்து ஸ்கூட்டரில் குளத்துக்குக் கூட்டிப்போன எட்டு வருஷம் அந்தக் கட்டைவிரலில் இருக்கிறது. அவர் நேர்மையானவர், ஒத்துக்கொள்கிறேன். கடையில் அதிகமாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிற ரகம். ஆனாலும் அந்தக் கட்டைவிரல் அப்பாவின் கட்டைவிரல். மகளின் கை சுவரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அது தொட்டுவிடும். அவருக்கே தெரியாது.

‘சார், நீங்க ஏழாவது லேனுக்குப் போயிடுங்க’ என்று சொல்லுங்கள். முகம் சிவக்கும். ‘என்னை சந்தேகப்படறீங்களா?’ என்பார். இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். டைவிங்கில் ஏழு நடுவர்கள் மார்க் போட்டால், மேலே உள்ள இரண்டையும் கீழே உள்ள இரண்டையும் தூக்கிவிட்டு, நடுவில் உள்ள மூன்றைத்தான் கூட்டி, டைவின் கடினத்துக்கான எண்ணால் பெருக்குகிறார்கள். தூக்கப்பட்ட நாலு பேரும் அயோக்கியர்கள் என்று அர்த்தமில்லையே. அவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சமாதானம் ஆகமாட்டார். ஆனால் நகர்ந்துவிடுவார்.

அமெச்சூர் என்ற வார்த்தையை நாம் ‘அரைகுறை’ என்கிற அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். அதன் லத்தீன் மூலத்துக்கு நேசிப்பவன் என்று பொருள். லண்டனில் 1908-ல் தொடங்கிய உலக நீச்சல் கூட்டமைப்பின் பெயரிலேயே அந்த வார்த்தை இருந்தது. நீச்சலால் காசு பார்த்தவன் போட்டியிடக் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு. மார்க் ஸ்பிட்ஸ் 1972-ல் ஏழு தங்கம் வாங்கிய கையோடு, இருபத்திரண்டு வயதில் நீச்சலை விட்டுவிட்டு விளம்பரங்களுக்குப் போனார். இன்று நீச்சல்காரர்கள் தாராளமாகச் சம்பாதிக்கலாம். அந்தக் கூட்டமைப்பும் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கும் அமெச்சூர்கள் என்றால், வெயிலில் வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களுடைய இருபத்து நாலு பேர்தான்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பதக்கத்தை இரண்டாகச் செய்து கொடுத்துவிடலாம். லேனை இரண்டாக்க முடியாது. ஹீட்ஸில் எட்டாவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்தால் ஃபைனலில் யாரை இறக்குவது? அதற்கும் விதி இருக்கிறது. அந்த இரண்டு பேரையும் மறுபடி நீந்தச் சொல்ல வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் மெஷின் பக்கத்திலேயே இருந்தாலும், களைத்த பிள்ளைகளை மறுபடி தண்ணீரில் இறக்குகிறார்கள்.

நம் ஊர் இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஞாபகம் வருகிறது. ஒரே கட்-ஆஃப் மதிப்பெண்ணில் ஒரு கூட்டமே நிற்கும். மறுபடி பரீட்சை வைக்க முடியாது. கணித மார்க், இயற்பியல் மார்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதியைப் பார்த்து, அப்படியும் சமம் என்றால் கடைசியில் ரேண்டம் எண். ‘என் பிள்ளையோட எதிர்காலம் லாட்டரியா?’ என்று கோபப்படும் பெற்றோரை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் எனக்கு நெருடுவது பிறந்த தேதிதான். மூன்று வாரம் முன்னால் பிறந்ததில் என்ன தகுதி வந்தது? ரேண்டம் எண்ணாவது, நீங்கள் இருவரும் சமம், எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று பட்டென்று சொல்லிவிடுகிறது. உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் குடவோலையில் செய்ததும் இதுதானே. நிலம், வீடு, வயது, படிப்பு என்று சலித்தெடுத்து, மிஞ்சியவர்களின் பெயர்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பதக்கங்களுக்கு ஆர்டர் கொடுக்கும்போது ஒவ்வொரு வகையிலும் நாலைந்து கூடுதலாகச் சொல்லி வையுங்கள். பொருளாளர் முறைப்பார். அவருக்கு ரியோ கதையைச் சொல்லுங்கள். 2016-ல் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வாங்கினார். பின்னால் ஃபெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செஹ் மூன்று பேரும் 51.14. மூன்று வெள்ளி, வெண்கலம் யாருக்கும் கிடையாது. அப்புறம் அந்த வெற்றி மேடை. தச்சர் வழக்கம்போல ஒருவர் நிற்கிற அளவுக்குத்தான் பலகை அடித்திருப்பார். முதல் படியில் இரண்டு பேர் விழாமல் நிற்க முடியுமா என்று நீங்களே ஒருமுறை ஏறி நின்று பார்த்துவிடுங்கள்.