இலவசப் பாட்டும் மறுமைக் கணக்கும்



"பாட்டைத் திருட்டுத்தனமாக டவுன்லோடு செய்தால் யாருக்கு நஷ்டம் ஹஜ்ரத்? கம்பெனிக்காரன் கோடீஸ்வரன்" என்கிறார்கள். "இசையே ஹராம், அதில் என்ன உரிமை?" என்பார் சிலர். ஹராம் என்றால் கேட்காமலே விடுங்கள். ஒரு பாவத்தைக் காட்டி இன்னொன்றுக்கு அனுமதி தேடாதீர்கள்.

பிறர் பொருளைத் தவறாக உண்பதை அல்பகரா 188ஆம் வசனம் தடுக்கிறது. பணக்காரரின் பொருளுக்கு அதில் விலக்கில்லை. எழுத்து, கண்டுபிடிப்பு உரிமைகளை மீறக் கூடாதென்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. உரியவர் மன்னிக்காமல் தவ்பா நிறைவாகாது. பாடியவரை, எழுதியவரை, இசையமைத்தவரை எங்கே தேடிப் போய் மன்னிப்புக் கேட்பீர்கள்? மறுமையில் நம் தொழுகையின், நோன்பின் நன்மைகள்தாம் அவர்கள் கணக்கில் போய்ச் சேரும்.

இன்றே அழித்துவிடுங்கள். ஹலாலைக் கொண்டு அல்லாஹ் நமக்குப் போதுமாக்குவானாக! ஆமீன்.