முன்கதையும் முன்வினையும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மவரிடை நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆராயப் புகுந்தால் பெருமை குன்றிவிடும் என்று அஞ்சியவர்கள் அதனைச் சொல்லி வைத்தார்கள் போலும். இன்றைய கதையுலகமோ அவ்வச்சத்தை அறவே விட்டுவிட்டது. ஒரு வீரனுடைய கதை மக்களுக்குப் பிடித்துவிட்டால், அவன் பிறந்தது எங்கே, வளர்ந்தது எவ்வாறு, அவனுக்குத் துணை வாய்த்த வரலாறு யாது என்று பின்னோக்கிச் சென்று புதியதொரு கதை புனைகிறார்கள். காலத்தால் முற்பட்ட நிகழ்ச்சிகளைப் பிற்பாடு எழுதிக் கூறுவதால் இதனை முன்கதை என்று அழைப்போம். விஞ்ஞானக் கற்பனையை ஒட்டிய தொலைக்காட்சித் தொடர்களில் இவ்வகை இப்போது மலிந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவிலும் ஜாலான் புசார்ப் பக்கத்துக் காப்பிக் கடைகளிலும் கூடும் நம் இளைஞரிடையே இத்தொடர்களைப் பற்றிய வாதமும் எழுவதுண்டு. அவர்கள் கூறும் அபிப்பிராயங்களைத் தொகுத்து நோக்கினால் அவை மூன்றில் அடங்கும். முடிவு தெரிந்த கதையில் சுவை ஏது என்பது ஒன்று. முதலில் வந்த கதையோடு இது முரண்படுகிறது என்பது மற்றொன்று. முன்கதையைக் கண்ட பின்னர்தான் அவன் ஏன் அப்படியானான் என்பது விளங்கிற்று, அவன் பிறப்பே அப்படி என்பது மூன்றாவது. முதலிரண்டும் குறை கூறுவன. மூன்றாவது புகழ்ந்து கூறுவது. ஆயினும் இம்மூன்றனுள் மிக்க ஆராய்ச்சிக்குரியது அப்புகழ்ச்சியே என்பது நமது துணிபு.

முதற் கட்சியாருக்கு நம் மரபே விடை பகரும். ஜாலான் புசாரில் 1923 ஆம் ஆண்டு திறக்கப்பெற்று 1987 ஆம் ஆண்டு மூடப்பெற்ற நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் மலாய் பங்சாவான் நாடகங்களும் சீனக் கூத்துக்களும் நடைபெற்றன. பழங்கதைகளை நடித்துக் காட்டியபோது அவற்றின் முடிவை அறிந்தே மக்கள் சென்று அமர்ந்தார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதன் எரிந்து சாம்பலாவான் என்பதை லயத்துச் சிறுபிள்ளையும் அறியும். அறிந்திருந்தும் இரதி புலம்பும் வேளையில் கூட்டம் கலங்கி நிற்கிறது. என்ன நடக்கும் என்று அறியும் ஆவல் ஒரு சுவை. அதனைச் செய்தவர் யார், எந்த மனத்தோடு செய்தார் என்று காண்பது வேறொரு சுவை. பின்னது முடிவு தெரிவதால் குன்றுவதில்லை.

இரண்டாங் கட்சியார் பெரும்பாலும் ஸ்டார் டிரெக் போன்ற நெடிய கதைகளின் அன்பர்கள். 1966 ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொடருக்கு முன்கதையாக எண்டர்பிரைஸ் என்பது 2001 முதல் 2005 வரையிலும், டிஸ்கவரி என்பது 2017 முதலும் வெளிவந்தன. அயலுலகத்தாரின் முகம் முன்பு கண்டவாறு இல்லை என்றும், முன்பு கூறியதற்கு இது மாறு என்றும் பார்வையாளர் பலர் முறையிட்டார்கள். டிஸ்கவரித் தொடரை நடத்தியவர்கள் 2020 ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பருவத்தில் தம் கப்பலைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எதிர்காலத்துக்குக் கொண்டுபோய், முன்கதை என்னும் தளையினின்றே விடுவித்துவிட்டார்கள். ஆதிநூலே பிரமாணம், அதற்கு மாறாகக் கூறுவதெல்லாம் பிழை என்னும் இவ்வாதத்தைக் கேட்குங்கால், ஸ்மிருதிகளைக் காட்டிச் சீர்திருத்தத்தைத் தடுத்த பண்டிதர்களின் நினைவு நமக்கு வருகிறது. கதை சொல்வோன் தான் முன்பு தந்த வாக்கைக் காப்பது நன்றே. ஆனால் முற்கூற்று என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது.

இனி மூன்றாவதற்கு வருவோம். நம் நாட்டவர் எடுத்த முயற்சி ஒன்றையே முதலில் நோக்குவோம். நாக் அஸ்வின் இயக்கிய 'கல்கி 2898 கி.பி.' என்னும் சலனப்படம் 2024 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் வெளிவந்தது. அதற்கு முன்னரே, மே 31 ஆம் நாள், 'புஜ்ஜியும் பைரவாவும்' என்னும் சிறு சித்திரத் தொடர் முன்கதையாக இணையவழித் திரைக்கு வந்தது. புஜ்ஜி என்பது ஒரு வண்டிக்குள் குடியிருக்கும் இயந்திர மூளை. படத்தில் அதற்குக் குரல் தந்தவர் கீர்த்தி சுரேஷ். படத்துக்கென உண்மையாகவே செய்யப்பட்ட அவ்வண்டியின் ஆக்கத்தில் கோயம்புத்தூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கும் பங்குண்டு. வறண்டு போன காசி நகரத்தில், தலைக்கு விலை வைத்தவரைப் பிடித்துக் கொடுத்துக் கூலி பெறும் பைரவன், மேலே மிதக்கும் செல்வர் உலகத்துக்குள் எப்படியேனும் நுழைந்துவிட விரும்புகிறான். அவனும் புஜ்ஜியும் கூட்டாளிகளான விதத்தைச் சொல்வது அம்முன்கதை. அதில் ஒரு குறையும் நாம் காணவில்லை. இருவர் நட்புக்குக் காரணம் தேவையும் ஆசையும் சிறிது அன்பும். மனித நட்பும் இத்தகையதே.

ஆனால் படத்தின் முடிவில் வேறொரு முன்கதை வெளிப்படுகிறது. காசுக்காக எதையும் செய்த பைரவன் கையில் கர்ணனுடைய வில் ஒளிவிடுகிறது. முற்பிறப்பில் அவனே கர்ணன் என்று நமக்கு உணர்த்தப்படுகிறது. பார்வையாளர் பலர் மெய்சிலிர்த்தார்கள். நாமோ ஒன்று கேட்கிறோம்: அவ்வொளி பிறந்தபோது பைரவன் செய்த நற்செயல் யாது? மனம் மாறினானா? பேராசையை விட்டானா? ஒன்றுமில்லை. அவன் பெருமை அவன் செயலினின்று வரவில்லை, பிறப்பினின்று வந்தது. இதனுள் மற்றொரு வேடிக்கையும் உண்டு. குலம் யாது, தந்தை யார் என்று கேட்டுச் சபை நடுவே தலைகுனிய வைக்கப்பட்டவன் கர்ணன். பிறப்பால் மனிதனை அளத்தல் எத்துணைக் கொடிது என்பதற்கு அவனிலும் சிறந்த சான்று பாரதத்தில் இல்லை. அவன் பெயரைக் கொண்டே, பிறப்பால்தான் பெருமை என்று மீண்டும் நிலைநாட்டப்படுகிறது!

இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையை அன்பர்கள் எடுத்து நோக்குக. மதுரை எரிந்த பின்னர் நகரத் தெய்வம் கண்ணகி முன் தோன்றி ஒரு முன்கதை கூறுகிறது. நமது நகரத்தின் பெயரையே ஒத்த சிங்கபுரம் என்னும் ஊர் கலிங்க நாட்டில் இருந்தது. அங்கே அரசனிடம் பணி செய்த பரதன் என்பவன், அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறிச் சாபமிட்டு உயிர் துறந்தாள். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான், ஆதலால் கொலையுண்டான். கதை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பயன் யாது? பொய் சொன்ன பொற்கொல்லன் வினையின் கருவியாகிறான். ஆராயாது ஆணையிட்ட அரசனும் கருவியாகிறான். குற்றமெல்லாம் கொலையுண்டவன் தலையிலேயே வந்து விழுகிறது.

இளங்கோவடிகள் ஊழைப் பெரிதாக நம்பியவர் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர் நிகழ்ச்சிகளை வைத்த வரிசை சிந்திக்கத்தக்கது. தெய்வம் வந்து முன்வினையைக் கூறுமுன்பே பாண்டியன் மாண்டுவிட்டான். உடைந்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்தபோது அவன் விதியைக் காட்டவில்லை. கொல்லன்மேல் பழியைச் சார்த்தித் தப்பவுமில்லை. குற்றம் தன்னுடையதே என்று கூறி அரியணையினின்று வீழ்ந்தான். தெய்வத்தின் முன்கதையை அவன் முன்னரே கேட்டிருந்தால் ஒருவேளை உயிர் பிழைத்திருப்பான். ஆனால் பாண்டியனாக இருந்திருக்க மாட்டான். தெய்வம் கூறிய காரணத்தினும் அரசன் ஏற்ற பொறுப்பே தமிழர் நெஞ்சில் நிலைத்தது.

முன்கதை என்பதே இத்தகைய தீமையுடையது என்று கொள்ளற்க. அதற்கு மாறான வழியும் உண்டு என்பதற்கு ஆண்டோர் என்னும் தொடர் தக்க சான்று. டோனி கில்ராய் ஆக்கிய இத்தொடர் 2022 ஆம் ஆண்டிலும் 2025 ஆம் ஆண்டிலுமாக இருபத்து நான்கு பகுதிகளாக வெளிவந்தது. 2016 ஆம் ஆண்டு வந்த 'ரோக் ஒன்' படத்துக்கு இது முன்கதை. அப்படமோ 1977 ஆம் ஆண்டின் முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு முன்கதை. ஏகாதிபத்தியத்தின் பேராயுதத்தைப் பற்றிய இரகசியத்தை அனுப்பிவிட்டுக் கேசியன் ஆண்டோர் இறப்பான் என்பதை அப்படத்தைக் கண்டோர் முன்னரே அறிவர். தொடரின் தொடக்கத்தில் அவன் வீரனல்லன். கடன்பட்டு, பொய் சொல்லி, ஓடி ஒளிபவன். அவன் பிறப்பில் தேவரகசியம் ஏதுமில்லை. ஒவ்வொரு படியிலும் விலகிப் போக வழியிருந்தும் விலகாமல் நிற்கக் கற்றுக்கொள்கிறான். அதுவே அவன் வரலாறு.

அதில் வரும் சிறைச்சாலைப் பகுதி தோட்டத்து மக்களுக்கு அயலாகத் தோன்றாது. ஒரு மேசைக்கு எழுவர், ஓர் அறைக்கு ஏழு மேசை என்று கைதிகள் நின்று, எதற்கென்று அறியாத இயந்திர உறுப்புக்களைப் பூட்டுகிறார்கள். வேலையில் பின்தங்கும் மேசைக்குத் தண்டனை. அவர்களை வேலை வாங்குபவனும் ஒரு கைதியே. கீனோ லாய் என்பது அவன் பெயர். நமது மொழியில் அவனைக் கங்காணி என்று சொல்லிவிடலாம். தன் தண்டனை நாட்களை எண்ணிக்கொண்டு, எவனும் வாய் திறவாமல் பார்த்துக்கொள்கிறான். விடுதலை நாள் வந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படாமல் வேறு தளத்தில் மீண்டும் பூட்டப்படுகிறார்கள் என்பதை அறிந்த அன்று, அதே கங்காணி அனைவரையும் எழுப்பி வெளியே நடத்திச் செல்கிறான். சிறையைச் சுற்றிலும் தண்ணீர். அவனுக்கோ நீந்தத் தெரியாது. அவன் இளமை, அவன் குலம், அவன் முற்பிறப்பு ஒன்றும் நமக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாமையால் அவன் சிறியவனாகிவிடவில்லை.

அத்தொடரில் சிரில் கார்ன் என்று ஓர் எழுத்தனும் உண்டு. வரிசை வரிசையான சிறு அறைகளுள் ஒன்றில் அமர்ந்து, ஒழுங்கே தருமம் என்று நம்பி, மேலிடத்தின் புகழ்ச்சிக்கு ஏங்குபவன். தன் கையால் அழிவுக்கு வழி வகுக்கப்பட்டது என்று அவன் அறியும்போது காலம் கடந்துவிட்டது. எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் நம் போன்ற கிராணிகள் அவனைக் கண்டு நகைத்துவிட்டுப் போக இயலாது. ஆணைப்படி எழுதினோம் என்பதும் ஒருவகை விதிவாதமே.

இங்கு ஒருவர் தடை எழுப்பலாம்: "மனிதனை உருவாக்கும் காரணங்களை ஆராயலாகாது என்கிறீரா? வறுமையும் கள்ளும் கல்வியின்மையும் நம் மக்களைத் தாழ்த்தின என்று சொல்பவர்கள் சீர்திருத்தக்காரர்கள்தாமே? அதுவும் முன்கதையன்றோ?" நல்ல தடை. நாம் காரண ஆராய்ச்சியை வெறுக்கவில்லை. காரணம் இருவகைப்படும். ஒன்று மனிதர் செய்தது. அதற்குப் பெயரும் ஆண்டும் உண்டு. மற்றொன்று எவரும் செய்யாதது. அதற்கு விதி, தலையெழுத்து, பிறவிக் குணம் என்பன பெயர். மலாயாவில் இந்தியத் தொழிலாளரைப் பிணைத்த ஒப்பந்தக் கூலிமுறை மனிதர் வகுத்தது. ஆகவே 1910 ஆம் ஆண்டு மனிதரால் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் ஓங்கிய கங்காணி முறையும் அத்தகையதே. தொழிலாளரை உதவி தந்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938 ஆம் ஆண்டு தடை செய்தது. அவை ஊழாயிருப்பின் எந்தச் சட்டம் அவற்றை நீக்கியிருக்கும்? மனிதர் செய்த காரணத்தை அறிந்தால் அதனை மாற்றும் கடமை பிறக்கிறது. விதியைக் காரணமாகக் கொண்டால் கைகட்டி நிற்பதே மிஞ்சுகிறது.

ஆதலின் முன்கதைத் தொடரைக் காணும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. முடிவு தெரிந்ததா, பழைய கதையோடு பொருந்திற்றா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இக்கதை இம்மனிதனிடமிருந்து பொறுப்பைப் பறிக்கிறதா, அல்லது அவனிடம் ஒப்படைக்கிறதா என்றும் கேளுங்கள். திரையில் காணும் பழக்கம் திரையோடு முடிவதில்லை. தோட்டப் பள்ளியில் பின்தங்கிய பையனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவன் தகப்பனும் இப்படித்தான்" என்று ஒரே வாக்கியத்தில் அவனுக்கு முன்கதை எழுதிவிடுகிறோம். கெட்டிக்காரப் பெண்ணைக் கண்டால், "அந்தக் குடும்பத்து இரத்தம்" என்று அவள் கண்விழித்துப் படித்த இரவுகளையெல்லாம் அழித்துவிடுகிறோம். அந்தப் பையனுக்கு வீட்டில் விளக்கு உண்டா, காலையில் உணவு உண்டா, கற்பிக்க ஆசிரியர் உண்டா என்று விசாரிப்பதே நாம் தேடவேண்டிய மூலம். அவற்றைச் சரிசெய்த பின்னும் அவன் என்ன ஆவான் என்பது முன்கூட்டி எவர்க்கும் தெரியாது. அவன் கதையை அவனே நடத்தட்டும்.