வாசலில் நின்றுவிடும் அன்பு

வீடு சந்திப்பு பங்குக் குருவின் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குடும்பங்களைச் சந்தித்து அவர்தம் கவலைகளிலும் துயரங்களிலும் பங்குகொள்ளும்படி 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 529-ஆம் பிரிவு எங்களைப் பணிப்பது உண்மையே. ஆனால் 1833-இல் பாரிசில் ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சந்திக்கத் தோழர்களோடு புறப்பட்ட பிரெடெரிக் ஓசானாம் குரு அல்லர். இருபது வயது மாணவர். நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை அவ்வாறு தோன்றியதே.

அவர்கள் உதவியைக் கொடுத்தனுப்பாமல் நேரில் சென்றார்கள். இவ்வேறுபாடு சிறியதன்று. அரிசி மூட்டையை எவர் கையிலும் கொடுத்தனுப்பலாம். உள்ளே சென்று அமர்கிறவனோ விருந்தாளியாகிவிடுகிறான். அவ்வீட்டார் நீட்டும் மோரை வாங்கிக் குடிக்கக் கடமைப்படுகிறான். சக்கேயுவின் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு தாமே கேட்டார். ஊரார் முணுமுணுத்ததும் அதற்காகத்தானே?

நம் காவிரிப் பாசனத்து ஊர்களில் சோதனை இங்கேதான் எழுகிறது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் நாம், நடவுக்கும் அறுவடைக்கும் வருகிறவர்களின் தெருவில் ஒருவர் நோயுற்றால் என்ன செய்கிறோம்? செபம் சொல்லப் போகிறோம், மறுப்பதற்கில்லை. வாசலில் நின்றபடி ஒரு பரலோக மந்திரம், பழப்பை கைமாறும், 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்று தண்ணீரையும் தவிர்த்துத் திரும்புகிறோம். (நோயாளிக்கு இது புரியாது என்றா நினைக்கிறோம்?) கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாதென்று 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் எடுத்துரைத்தார். நற்கருணையோடு அத்தெருவுக்குச் செல்லும் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். உடன் வரும் மேலத்தெருக்காரருக்கும் ஒன்றைப் போட்டுவிட்டு, அவர் உட்காருவாரா என்று பார்த்தபடி நிற்கிறார்கள்.