எதை நிறுப்பது?

மறைமலையடிகள் புலால் மறுத்தவர். பெரியார் புலால் உண்டவர். இருவருமே தமிழர் தன்மானத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள். ஆகவே, அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலை நகரின் கடைத்தெருவிலே நின்று, "எவர் கூடை நல்ல கூடை?" என்று நாம் கேட்பது வீண் கேள்வியன்று.

இறைச்சியை விலக்கச் சொல்வோர் மூவகையினர். "தீட்டு" என்பார் ஒருவர். "உயிர்க்கொலை" என்பார் மற்றொருவர். "உலகம் வெப்பமடைகிறது" என்பார் இன்றைய புதியவர். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையிலே ஏற்றப் பார்க்கிறார்கள். மூட்டையை அவிழ்ப்பதே பகுத்தறிவின் வேலை.

தீட்டுக்கு மறுமொழி பழையது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையை எதிர்த்து நடந்த மறியல் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் செத்ததா அந்தத் தீட்டு? "சைவம் உண்போருக்கு மட்டும்" என்று வாடகை வீட்டு வாயிலிலே தொங்குகிறது! 2021 டிசம்பரில் கர்நாடகத்திலே, ஊட்டம் குறைந்த மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கியபோது, மடாதிபதிகள் சிலர் வெகுண்டெழுந்தனர். மெலிந்த குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்வது எந்த அறநூலில் உள்ள அறம்?

உயிர்க்கொலை என்னும் வாதம் அப்படிப்பட்டதன்று. வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்தார். வள்ளலார் வாழ்வையே தந்தார். அவ்விருவரிடமும் சாதி இல்லை, அருள் உண்டு. அதற்கு நாம் தலை வணங்குவோம். வணங்கிய பின் ஒன்று கேட்போம்: கன்று ஈனாமல் பசு பால் தருமா? பிறந்தது காளைக் கன்றானால் அதன் கதி என்ன? மடி வற்றிய மாடு எங்கே போகிறது? நெய் மணக்கும் வீட்டார் இதற்கு விடை சொல்லிவிட்டு, அதன்பின் இறைச்சிக் கடைக்காரரைக் கொடியவர் என்று பேசட்டும்.

மூன்றாவது வாதம் உண்மையானது. வைதீகர் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மையே. பூரும் நெமெசெக்கும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,000 பண்ணைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு, அசைபோடும் ஆடு மாடுகளின் இறைச்சியே காற்றை மிகுதியும் கெடுக்கிறது என்பது. வயிற்றிலே மீத்தேன் வளர்த்து ஏப்பமாய் விடுகின்றன அவை. அதே ஆய்வின் மற்றப் பக்கத்தை ஏனோ எவரும் படித்துக் காட்டுவதில்லை. கோழிக்கறியினும் பாலாடைக்கட்டிக்கே கேடு அதிகம் என்கிறது அது! பன்னீருக்கும் வெண்ணெய்க்கும் மூலம் அசைபோடும் மாடுதானே? புவியின் கணக்கிலே முட்டை உண்ணும் ஏழை, நெய்யில் மிதக்கும் சைவரைவிடக் குறைந்த கடன்காரர்.

சோற்றுக்கும் இக்கணக்கிலே பங்குண்டு. நீர் தேங்கிய வயலின் சேற்றிலும் மீத்தேன் பிறக்கிறது. மனிதச் செயலால் வெளியாகும் மீத்தேனிலே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நெல் வயலினது. அதற்காகச் சோற்றை விடுவதா? காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது பெரிதும் குறையும், நீரும் மிஞ்சும்.

உதிரிபாக ஆலையிலே ஒப்பந்தக் கூலிக்கு உழைத்துவிட்டு ரேஷன் கடை வரிசையிலே நிற்பவர், தம் அரிசி எந்த வயலில் எப்படி நீர் கட்டி விளைந்தது என்று தேர்ந்தெடுக்க முடியுமா? தேர்வே இல்லாதவர் மீது குற்றம் சாட்டுவது அறமாகாது. கை நிறையச் சம்பாதிப்பவர் ஆட்டுக்கறியையும் நெய்யையும் குறைக்கலாம்; வாங்கியதை அழுகவிட்டுக் குப்பையிலே கொட்டாதிருக்கலாம். அது அவர் கடமை. ஆனால் அவரினும் பெரிய நுகர்வோர் ஒருவர் இருக்கிறார்: அரசு! கொள்முதல் நிலையம் வைத்து நெல்லை வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 2019 ஜனவரி 1 முதல் நெகிழிப் பைக்குத் தடை விதிக்க முடிந்த அரசு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விளைந்த நெல்லுக்கு மூட்டைக்குச் சில ரூபாய் கூட்டித் தர முடியாதா? அடுத்தவர் கூடையை எட்டிப் பார்ப்பவரிடம் நம் இளைஞர்கள் இந்தக் கேள்வியையும் கேட்கட்டும். தொகுதி உறுப்பினரிடம் மனுவாகவே எழுதிக் கொடுக்கட்டும்.