யாருக்காகத் திருத்தினேன்?

மாதனூரில் மாமா பையன் ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறான். இத்தாலிக்காரர் ஒருவருக்கு எழுதிய மெயிலைக் காட்டி, "சரியா இருக்கா பாருண்ணா" என்றான். "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ஆர்டர்" என்று இருந்தது. தமிழில் வகுப்பில் கை தூக்கிக் கேட்பதும் சந்தேகம்தான். ஆங்கிலத்தில் டவுட் என்றால் அவநம்பிக்கை. ஆர்டரையே நம்பவில்லை என்று அவர் நினைத்துவிடலாம். 'கொஸ்டின்' என்று மாற்றினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரியில் 'டிஸ்கஸ் அபவுட்'. "அபவுட் வராதுடா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். அதற்கப்புறம் அவன் எனக்கு எதையும் காட்டுவதில்லை.

பொது ஆங்கில வழக்குப்படி இரண்டும் பிழைதான். ஆனால் 'அபவுட்' இருந்தாலும் இத்தாலிக்காரருக்குப் புரிந்திருக்கும். அவருக்கும் அது படித்துக் கற்ற மொழி. நம்மவர்கள் பரவலாகப் புழங்கும் 'ப்ரீபோன்' கேலிக்குள்ளாகி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. நம் கட்டுமரத்தை 'கேட்டமரான்' ஆக்கிய ஆங்கிலேயரை யாரும் திருத்தவில்லை.

அதற்காகச் சொல்லாமலே விடலாமா? நாளைக்கு ஓர் இன்டர்வியூவில் அதே 'அபவுட்'டுக்காக அவனை மட்டம் தட்டுவார்கள். சொல்லத்தான் வேண்டும், தனியாக. முதல் திருத்தம் அவனுக்காகச் செய்தது. இரண்டாவது, என் இங்கிலீஷை மற்றவர்களுக்குக் காட்ட. அவனிடம் இதை இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.