யார் உள்ளே புகலாம்?

ஓர் உயிர் குடியிருக்கும் உடலுக்குள் மற்றோர் உயிர் புகுந்து, அதன் நாவால் பேசி, அதன் கண்ணால் விழித்துப் பார்க்கக்கூடும் என்ற நம்பிக்கை, நம் தேசத்தில் வேத காலந்தொட்டு இன்றுவரை அறுபடாமல் வந்திருக்கிறது. அது மெய்யா பொய்யா என்ற விவாதத்தில் இறங்க எனக்கு உத்தேசமில்லை. மெய்யென்பாரும் பொய்யென்பாரும் தத்தம் கட்சியில் உறுதியாக நிற்பவர்கள், ஒரு கட்டுரையைப் படித்துக் கட்சி மாறுகிறவர்களல்லர். என் மனத்தை உறுத்துகிற கேள்வி வேறு. அப்படிப் புக முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், புகுவதற்கு உரிமை யாருக்கு உண்டு? ஆசை கொண்டவனுக்கு உண்டா, காப்பாற்ற வந்தவனுக்கு உண்டா, கடவுளுக்கேனும் உண்டா? விக்ரம் பட் இயக்கி 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளிவந்த '1920' என்னும் ஹிந்திப் படம், ரசிகர்களைப் பயமுறுத்துவதற்கு மேல் பெரிய லட்சியம் எதுவும் இல்லாத படந்தான். ஆயினும் தன்னை அறியாமலே இந்தக் கேள்வியின் வாசலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

ஆஞ்சநேய பக்தியில் ஊறிய குடும்பத்திலே பிறந்த அர்ஜுன் சிங் ராத்தோட் என்னும் கட்டடக் கலைஞன், ஆங்கில ரத்தம் கலந்த லிஸா என்ற பெண்ணை விரும்புகிறான். குடும்பத்தார் அவளைக் கொன்றுவிடவே துணிந்தபோது, அவர்களை உதறியதோடு நில்லாமல், அந்த வேளையில் உதவிக்கு வராத தெய்வத்தையும் சேர்த்து உதறிவிட்டு, அவளை மணந்து பாலம்பூர் போய்ச் சேருகிறான். அங்கே ஒரு பழைய மாளிகையை இடித்துவிட்டு ஹோட்டல் எழுப்ப வேண்டும். அதுதான் அவனுக்குக் கிடைத்த வேலை. அந்த மாளிகையில் 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியின்போது காயத்ரி என்ற பெண் ஒருத்தி, அடைக்கலம் என்று வந்த மோகன் காந்த் என்னும் சிப்பாய் உண்மையில் துரோகி என்று கண்டுகொண்டு, காதல் காட்டுவதுபோல் பாவனை செய்து அவனைத் தாமதிக்கவைத்துக் கிளர்ச்சிக்காரர்களிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். கறுவிக்கொண்டே செத்த அவன், அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் தணியாத அந்த ஆங்காரத்தை லிஸாவின் உடலில் தீர்த்துக்கொள்ள வருகிறான். பாதிரியார் சிலுவையோடு வந்து தோற்கிறார். கடைசியில் அர்ஜுன், தான் கைவிட்ட ஆஞ்சநேயரைத் திரும்ப அழைத்து ஹனுமான் சாலீஸாவை ஓத, பிரேதம் ஒழிகிறது.

1973-இல் வெளிவந்த 'எக்ஸார்சிஸ்ட்' என்ற அமெரிக்கப் படத்துக்கு இது பட்டிருக்கும் கடன் பார்த்த மாத்திரத்தில் தெரியும். லிஸாவாக வரும் அதா சர்மாவுக்கு இதுவே முதல் படம். முதுகை வில்லாக வளைத்து, தொண்டையிலிருந்து தனதல்லாத குரலை எழுப்பி அவர் நடிக்கும்போது, தன் வீட்டிலேயே அந்நியப்பட்டுப்போன ஒருத்தியின் அவஸ்தை நமக்கு வந்து தைக்கிறது. நடிப்பில் குறையில்லை, குறை கதையின் நியாயத்தில்தான். சிலுவை பலிக்காமல் சாலீஸா பலித்தது என்று காட்டுவது, இரண்டு மதங்களை மல்லுக்கு விட்டு வென்றதற்குக் கைதட்டச் சொல்லும் காரியமேயன்றித் தத்துவ விசாரமல்ல. எந்த மந்திரத்துக்கு வலிமை அதிகம் என்பதே கேள்வியாகிவிட்டால், பேய்க்கும் தெய்வத்துக்கும் உள்ள பேதம் வலிமையின் அளவில்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். அதைவிடப் பெரிய நாஸ்திகம் வேறு இல்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தை எப்படி அணுகினார்கள் என்று பார்க்கப் புகுந்தால், முதலில் எதிர்ப்படுவது பிருஹதாரண்யக உபநிஷதம். விதேக மன்னர் ஜனகரின் சபையில், கொம்புகளில் பொன் கட்டிய ஆயிரம் பசுக்களைப் பந்தயமாக நிறுத்தி, யாக்ஞவல்கியரை ஒருவர் பின் ஒருவராக மடக்கிக் கேட்கிறார்கள். புஜ்யு என்பவர் எழுந்து, தாம் மத்ர தேசத்தில் சுற்றித் திரிந்த நாளில் பதஞ்சலர் என்ற கிருஹஸ்தரின் வீட்டில் தங்கியதையும், அவருடைய மகள் ஒரு கந்தர்வனால் பீடிக்கப்பட்டிருந்ததையும், அந்தக் கந்தர்வனிடம் லோகங்களின் எல்லையைப் பற்றி விசாரித்ததையும் சொல்லி, அதே கேள்வியை யாக்ஞவல்கியர் முன் வைக்கிறார். சற்றுப் பின்னர் எழும் உத்தாலகரும் அதே பதஞ்சலர் வீட்டைத்தான் குறிப்பிடுகிறார். இந்தத் தடவை பீடிக்கப்பட்டிருப்பவள் மனைவி. அவளுக்குள்ளிருந்து பேசிய கபந்தன் என்னும் கந்தர்வன், எல்லா உலகங்களையும் கோத்து நிற்கும் சூத்திரம் எது, எல்லாவற்றையும் உள்ளிருந்து நடத்தும் அந்தர்யாமி யார் என்று கேட்டானாம். அதற்கு யாக்ஞவல்கியர் சொன்ன விடைதான் அந்தர்யாமி பிராம்மணம் என்று இன்றளவும் போற்றப்படுவது: மண்ணிலே இருந்தும் மண் அறியாதவன், மண்ணையே உடலாகக் கொண்டவன், மண்ணை உள்ளிருந்து இயக்குபவன் என்று தொடங்கி, நீர், நெருப்பு, காற்று, கண், காது, மனம் என வரிசையாகச் சொல்லிச் செல்லும் மகத்தான உபதேசம்.

ஈசுவரன் உள்ளிருந்து ஆள்கிறான் என்ற வேதாந்தத்தின் சிகரமான சித்தாந்தம், ஓர் ஆவேசக்காரியின் வாயிலிருந்து கேள்வியாகப் பிறந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. வியப்பை அடுத்து வருத்தமும் வருகிறது. அந்த மகளுக்கும் மனைவிக்கும் உபநிஷதம் பெயர் தரவில்லை. உள்ளே புகுந்தவனுக்குப் பெயரும் கோத்திரமும் உண்டு. புகப்பட்டவள் இன்னாருடைய மனைவி என்பதோடு சரி. பெண்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கமோ என்றால் அதுவுமில்லை. இந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் அதே சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்பவள் கார்க்கி. சொந்த வாயால் பேசியவளுக்குப் பெயர் நிலைத்திருக்கிறது. பிறன் பேசிய வாய்க்குச் சொந்தக்காரியிடம், அம்மா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் அந்தச் சபையில் ஒருவருமில்லை.

காப்பாற்றுவதற்காகப் புகுந்தால் குற்றமில்லையே என்பாருக்கு மகாபாரதத்து அநுசாசன பர்வத்தில் விபுலனின் கதை இருக்கிறது. வேள்விக்காக வெளியூர் போகும் குரு தேவசர்மா, தம் மனைவி ருசியை இந்திரனிடமிருந்து காக்கும் பொறுப்பைச் சீடன் விபுலனிடம் விட்டுச் செல்கிறார். மாயாவியான இந்திரன் எந்த உருவில் வருவானோ என்று அஞ்சிய விபுலன், யோகபலத்தால் குருபத்தினியின் சரீரத்திலேயே புகுந்து உட்கார்ந்துகொள்கிறான். இந்திரன் பேரழகனாக வருகிறான். ருசி எழுந்து உபசரிக்க நினைக்கிறாள்; கால் எழவில்லை. பதில் சொல்ல நினைக்கிறாள், நா புரளவில்லை. மீறி வெளிவந்த வார்த்தையும் அவள் நினைத்த வார்த்தையல்ல. எதற்காக வந்தீர் என்று அவளுக்கே அந்நியமான தோரணையில் வாய் கேட்டுவிட, அவள் வெட்கிப்போகிறாள். இந்திரன் ஞானதிருஷ்டியால் பார்த்து, கண்ணாடிக்குள் பிம்பம்போல் அவளுக்குள் விபுலன் இருப்பதைக் கண்டு நாணித் திரும்புகிறான். கற்பு காக்கப்பட்டது, குருவும் மெச்சினார். ஆனால் பாரதக்கவி அதோடு விடவில்லை. பிறகு விபுலனைத் தன் செயல் வாட்டுகிறது. குருவிடம் அதை மறைத்த குற்றத்துக்காக மனம் வெந்து, குருவே தேற்றும் வரை அலைகிறான். குருவிடம் மறைத்தது குற்றம், சரி, ருசியிடம் மறைத்தது? அதைப்பற்றி இதிகாசம் வாய் திறக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு வந்து அமர்ந்த அந்தச் சீடன், ருசியின் கைகாலுக்கும் நாவுக்கும் செய்தது, மோகன் காந்த் லிஸாவுக்குச் செய்ததிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்று யோசித்தால் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வைத்திய சாஸ்திரக்காரர்கள் இதில் எதிர்பாராத நிதானம் காட்டியிருக்கிறார்கள். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் பூதவித்தை ஒன்று. ஆயினும் சுசுருதர், தேவர்கள் மனிதரோடு கூடுவதுமில்லை, மனிதருக்குள் புகுவதுமில்லை, புகுவதெல்லாம் அவர்களுடைய ஏவலாட்களே என்று திட்டமாகச் சொல்கிறார். சரகரோ இன்னும் ஒரு படி மேலே போய், தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளாத மனிதனைத் தேவரோ பிசாசோ வருத்துவதில்லை என்று கூறிப் பழியைப் புத்தியின் பிழைமேல் வைத்துவிடுகிறார். நோயாளியின்மேல் பழி போடும் அந்த முடிவு எனக்கு உவப்பில்லை. ஆனால் தெய்வம் பலவந்தமாய்ப் புகாது என்ற சுசுருதரின் வாக்கை மறக்கக்கூடாது.

ராஜஸ்தானத்தில் தௌஸா ஜில்லாவைச் சேர்ந்த மேஹந்திபூர் பாலாஜி கோயிலில் நடப்பது இதைவிடச் சுவாரஸ்யமானது. அங்கேயும் மூலமூர்த்தி ஆஞ்சநேயர்தான். கூடவே பிரேதராஜாவும் பைரவரும் வீற்றிருக்கிறார்கள். அந்த ஸ்தலமே ஒரு கச்சேரி, அதாவது நியாயஸ்தலம். பீடிக்கப்பட்டவர் மனுப்போடுகிறார்; சந்நிதியில் ஆவி பேசத் தொடங்கினால் அதற்குப் 'பேஷி' என்று பெயர், விசாரணைக்கு ஆஜராவதென்று பொருள். ஆவி தான் இன்னான், இன்ன மனக்குறையால் வந்தேன் என்று வாக்குமூலம் கொடுக்கிறது, விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, பிறகு பணிகிறது. சில வேளைகளில் அதே ஆவியோ வேறொன்றோ நல்ல தூதனாக மாறி அந்த மனிதருக்கே காவலாக நிற்பதும் உண்டென்பார்கள். உளவியலறிஞர் ஸுதிர் கக்கர் 1982-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் கோயிலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ரோமன் கத்தோலிக்கரின் 1614-ஆம் வருஷத்துச் சடங்கு நூலிலும், பேயின் பெயரையும் அது புகுந்த காரணத்தையும் குரு கேட்கவேண்டுமென்ற விதி உண்டு. ஆக, இரு மதத்தாரும் பேயை விசாரிக்கிறார்கள். படத்தில்தான் விசாரணையே இல்லை, ஒரே அடிதடி.

காதலைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா தம் தேசத்து நாடோடிக் கதையொன்றை 'துவிதா' என்று எழுதினார். மணி கௌல் அதை 1973-இல் படமாக்கினார். அமோல் பாலேகர் 2005-இல் 'பஹேலி' என்று மறுபடி எடுத்தார். புதுமணப்பெண்ணைக் கண்டு மோகித்த பூதம், வியாபாரத்துக்காக ஊர் போய்விட்ட கணவனின் உருவத்தில் வீட்டுக்கு வருகிறது. ஊரையும் மாமனாரையும் ஏமாற்றத் தயங்காத அந்தப் பூதம், அவளை மட்டும் ஏமாற்றத் துணியாமல், நான் உன் கணவனல்ல என்று முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஏற்பதும் தள்ளுவதும் அவள் கையில். அவள் ஏற்கிறாள். பூதத்தைக் காதலனாக்கியது அந்த ஒரு வாக்கியம். (பாலேகரின் படத்தில் முடிவாகப் பூதம் அந்தக் கணவனின் உடலுக்குள்ளேயே குடிபுகுந்துவிடுகிறது, மனைவியிடம் அனுமதி கேட்கத் தெரிந்த பூதத்துக்குக் கணவனிடம் கேட்கத் தோன்றவில்லை. அவன் அசட்டுக் கணவன் என்பதனால் நாமும் அதைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறோம்.)

அப்படியானால் அந்தர்யாமி யார்? அவனும் கேளாமலேதானே உள்ளே இருக்கிறான்? இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தவர் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த ராமாநுஜர். அந்தர்யாமி பிராம்மணத்தையே ஆதாரமாகக் கொண்டு, ஜீவர்களும் ஜடமும் ஈசுவரனுக்குச் சரீரம் என்று ஸ்தாபித்தவர் அவர். அப்படி ஸ்தாபித்தபின், ஜீவன் வெறும் பொம்மைதானா, அவன் செய்யும் பாவமும் ஈசுவரன் செய்வித்ததா என்ற ஆக்ஷேபம் எழாமல் போகாது. ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் அவர் தரும் சமாதானம் இது: ஜீவன் முதலில் செய்யும் முயற்சியை ஈசுவரன் எதிர்பார்த்திருக்கிறான்; அந்த முயற்சியைக் கண்டு அநுமதி தந்து, அதன் வழியே நடத்துகிறான். சர்வசக்தன் முதல் அடியை நமக்கென்று விட்டுவைத்திருக்கிறான் என்பது இதன் தாத்பரியம். மோகன் காந்த் விட்டுவைக்காதது அதைத்தான். விபுலனும் விட்டுவைக்கவில்லை. அர்ஜுனின் குடும்பத்தாரோ, லிஸாவை உயிரோடேனும் விட்டுவைக்கச் சம்மதிக்கவில்லை. அவர்களை எந்தப் பேயும் பிடித்திருக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், படமெடுத்தவர்கள் அழைத்த தெய்வம் சரியான தெய்வமே. எதற்காக அழைக்கவேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆஞ்சநேயருடைய வாழ்வில் மிகப் பெரிய பலப்பரீக்ஷை கடலைத் தாண்டியதோ மலையைத் தூக்கியதோ அன்று. அசோகவனத்தில், தாயே, என் முதுகில் ஏறிக்கொள், இந்தக் கணமே ராமனிடம் சேர்ப்பிக்கிறேன் என்று அவர் வேண்டுகிறார். சீதை மறுக்கிறாள், பிற புருஷனைத் தானாகத் தீண்டமாட்டேன், ராமனே வந்து மீட்பதுதான் தகும் என்று காரணமும் சொல்கிறாள். அவளைச் சிறை மீட்பதற்கென்றே வந்தவர், மீட்கும் வலிமையும் உள்ளவர், அவள் துயரத்தைக் கண்ணால் கண்டவர், அந்த மறுப்பை நியாயம் என்று ஏற்றுச் சூடாமணியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். வால்மீகியிலும் அப்படித்தான், கம்பனிலும் அப்படித்தான். கேளாமல் தூக்கி வந்தவன் ராவணன். கேட்டு, மறுத்தபின் தூக்காமல் போனவர் அனுமன். இருவருக்கும் தோள்வலி இருந்தது.

'1920' படத்தில் நம்பிக்கையை இழந்து வருந்துகிறவனும் அர்ஜுன், திரும்பப் பெற்று மகிழ்கிறவனும் அர்ஜுன். லிஸாவின் உடல் அந்த வழக்கு நடக்கும் இடமாக மட்டுமே இருக்கிறது. அந்த அளவில் படம் தோற்றுவிட்டது என்பதே என் முடிவு. இருந்தாலும் பார்க்கவேண்டாமென்று சொல்லமாட்டேன். பார்க்கிறவர்கள் அதற்கு முன், கம்பராமாயணத்துச் சூடாமணிப் படலத்தையேனும் சுந்தரகாண்டத்தின் அந்தச் சர்க்கத்தையேனும் நிதானமாக ஒருமுறை படித்துவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறேன்.